பாட்டியின் பயமும் பேத்தியின் சலங்கையும்

சென்னை கோகலே ஹாலில் வைஜயந்திமாலாவின் நாட்டியத்தைப் பார்த்த இயக்குநர் எம்.வி. ராமன், ஏ.வி.எம். படத்துக்கு இவர்தான் நாயகி என்று முடிவே செய்துவிட்டார். பாட்டி யதுகிரி தேவி லேசில் இறங்கி வரவில்லை. சின்னப் பெண், படிப்பு கெடும், நாட்டியமும் கெடும் என்று பயந்தார். இத்தனைக்கும் வைஜயந்தியின் அம்மா வசுந்தரா தேவி, ‘மங்கம்மா சபதம்’ நாயகி! ஒருவழியாகச் சம்மதம் கிடைத்து, 1949-ல் ‘வாழ்க்கை’ வெளிவந்தது.

1951-ல் அதே கதை இந்தியில் ‘பஹார்’ ஆனது. 1954-ல் ‘நாகின்’ வந்ததும் வடக்கே அவர் பெயர் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. மறு வருடம் பிமல் ராயின் ‘தேவதாஸ்’. அதில் அவர் ஏற்ற சந்திரமுகியின் ஆட்டத்தைவிட, ஆடி முடித்தபின் அவள் தேவதாஸைப் பார்க்கும் பார்வைதான் மனதில் நிற்கும். அபிநயம் பழகிய முகம் அது. துணை நடிகைக்கான ஃபிலிம்பேர் விருது வந்தபோது, ‘என்னுடையது துணைப் பாத்திரம் அல்ல’ என்று மறுத்துவிட்டார். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் அபூர்வம்தான். பிறகு ‘சாதனா’வுக்குச் சிறந்த நடிகை விருதே வந்தது.

நமக்கு அவர் என்றால் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958). எஸ்.எஸ். வாசனின் படத்தில் பத்மினியோடு அவர் மோதும் அந்தப் போட்டி நடனம் சுத்தப் பரதம் அல்ல; ஹீராலால் அமைத்த சினிமா நடனம். ஆனாலும் அரைமண்டியில் வருஷக்கணக்காக நின்று பழகாத உடம்பு அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. பத்மினியிடம் நளினம் தூக்கல். வைஜயந்தியிடம் பாய்ச்சல்; அடி ஒவ்வொன்றும் தாளத்தில் கச்சிதமாக விழும். யாருக்கு வெற்றி என்று சொல்லாமலே காட்சி முடிந்துவிடுவதால், கட்சி கட்டிச் சண்டை போடுவோர் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்குப் பத்மினி, காலுக்கு வைஜயந்தி என்பது என் கட்சி.

‘கங்கா ஜமுனா’, ‘சங்கம்’ என்று உச்சத்தில் இருந்தவர், 1968-ல் டாக்டர் பாலியை மணந்தபின் சினிமாவை விட்டார். சலங்கையை விடவில்லை. தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பழைய உருப்படிகளைத் தேடிக் கற்று மேடையேற்றினார். 1982-ல் பரதநாட்டியத்துக்காக சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். பாட்டி பயந்தது நடக்கவில்லை. 2024-ல், தொண்ணூறு வயதில், அயோத்தியில் ஆடினார். அதே ஆண்டு பத்ம விபூஷண் விருதும் பெற்றார்.