கம்பியில்லா வலையும் வீட்டுச் சாவியும்

"தங்கச்சி, இதுவும் அந்த வோக்கி மாதிரித்தானோ?"

மாதர் சங்கக் கூட்டமொன்றில் வயதான அம்மா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. வயர்லெஸ் இணையம் பற்றி அன்று பேசத் தொடங்கியிருந்தேன். 'வயர்லெஸ்' என்ற சொல்லைக் கேட்டதுமே அவரது முகம் மாறிவிட்டது. சோதனைச் சாவடிகளில் கேட்ட அந்த இரைச்சல் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். போர் 2009இல் முடிந்தது. ஆனாலும் சில சத்தங்கள் எமது பெண்களின் மனதை விட்டு இன்னும் போகவில்லை.

"ஓமம்மா, இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் இது எங்கட பிள்ளைகள் படிக்கிறதுக்கும், நாங்கள் உழைக்கிறதுக்கும் உதவுற பிள்ளை" என்றேன். அன்று அங்கு பேசியவற்றை ஏனைய சகோதரிகளும் அறிந்துகொள்வது நல்லது.

வைஃபை என்றால் என்ன?

வானொலிப் பெட்டிக்குப் பாட்டு எப்படி வந்து சேர்கிறதோ, அப்படியே வைஃபையிலும் செய்தி வானொலி அலைகள் மூலமே வருகிறது. ரவுட்டர் என்ற சிறு பெட்டி அலைகளை அனுப்பும், பெறவும் செய்யும். கையடக்கத் தொலைபேசியும் கணனியும் அதனுடன் பேசுகின்றன. இந்த அலைகள் பெரும்பாலும் இரு வரிசைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுகள். மற்றையது 5 கிகாஹேர்ட்ஸ். முதலாவது தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். இரண்டாவது வேகமானது, ஆனால் கிட்ட இருந்தால்தான் பயன்.

எம்மைப் போலவே தீவுகளில் வாழும் மக்களின் தேவையும் இதன் வரலாற்றில் உண்டு. கடலால் பிரிந்த ஹவாய்த் தீவுகளில் இருந்த கணனிகளை 1971இல் அங்குள்ள பல்கலைக்கழகம் வானொலி அலைகளால் இணைத்தது. இரு கணனிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் குழம்பிவிடும். அப்போது ஒவ்வொன்றும் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. இன்றைய வைஃபை இன்னும் ஒரு படி மேலே போய், யாரும் பேசுகிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டே பேசுகிறது. எமது சங்கக் கூட்டங்களில் எல்லோரும் ஒன்றாகக் கதைத்தால் கூட்டக் குறிப்பு எழுத முடியாதல்லவா? அதுபோலத்தான். ஒரு ரவுட்டரில் பல தொலைபேசிகள் இணையும்போது வேகம் குறைவதற்கும் இதுவே ஒரு காரணம். ஒவ்வொருவரும் தமது முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கான பொது விதிமுறை 1997இல் வெளிவந்தது. 'வைஃபை' என்ற பெயர் 1999இல் சூட்டப்பட்டது.

வைஃபை வேறு, இணையம் வேறு

பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். வைஃபை என்பது ரவுட்டருக்கும் தொலைபேசிக்கும் இடையிலுள்ள ஒழுங்கை மட்டுமே. ரவுட்டரிலிருந்து வெளியுலகுக்குப் போகும் பெரிய வீதி சிம் அட்டை மூலமாகவோ கம்பி மூலமாகவோ வருகிறது. நாம் காசு கட்டுவது அந்தப் பெரிய வீதிக்கு. அதனால்தான் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிந்தும் சில வேளைகளில் ஒன்றும் திறப்பதில்லை. பெரும்பாலும் டேட்டா முடிந்திருக்கும், அல்லது வெளியிணைப்பு பழுதாகியிருக்கும்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வைப்பது நல்லது. தகரம் இந்த அலைகளுக்குப் பெரும் தடை. தகரத்தால் அடைத்த வீடுகளில் பக்கத்து அறைக்கும் அலை சரியாகப் போகாது. தடித்த சீமெந்துச் சுவர், இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி என்பனவும் அலையைக் குறைக்கும். சிம் போடும் ரவுட்டர் என்றால் கோபுர அலையும் அதற்குக் கிடைக்க வேண்டும். ஆகையால் யன்னலோரமே பொருத்தமாக இருக்கக்கூடும்.

யார் கையில் சாவி?

கணவனை இழந்து, தையல் வேலை செய்து குடும்பம் நடத்தும் சகோதரி ஒருவர் மகளின் படிப்புக்காக ரவுட்டர் ஒன்று வாங்கினார். மாதம் பாதி போவதற்குள் டேட்டா முடிந்துவிடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளைத்தான் அவர் சந்தேகித்தார். ஏசினார், தொலைபேசியையும் பறித்து வைத்தார். பிள்ளை அழுதழுது பேசாமலே போய்விட்டாள்.

நாங்கள் போய் ரவுட்டரைப் பார்த்தபோது வீட்டிலிருந்தவை இரண்டு தொலைபேசிகள், இணைந்திருந்தவையோ ஐந்து! பூட்டித் தந்த பையன் கடவுச்சொல்லை அயலில் சிலருக்கும் சொல்லியிருந்தான். அந்தத் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பின்னர் புதிய கடவுச்சொல்லைத் தானே எழுத்தெழுத்தாகப் பதிந்தார். முன்பு ஒருநாளும் அந்தப் பெட்டியை அவர் தொட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் இவற்றைச் செய்யுங்கள்:

* ரவுட்டரின் அடியில் ஓர் இலக்க முகவரியும் கடவுச்சொல்லும் ஒட்டப்பட்டிருக்கும். அந்த முகவரியைத் தொலைபேசியின் இணைய உலாவியில் இட்டால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை அங்கு பார்க்கலாம்.
* வைஃபைக்கு ஒன்று, ரவுட்டரின் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. இரண்டையும் மாற்றுங்கள். பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் வேண்டாம். தொடர்பற்ற நாலைந்து சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும், பிறரால் ஊகிக்கவும் முடியாது.
* பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருக்கட்டும். டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய முறையை உடைக்கலாம் என்பது 2001இலேயே தெரிந்துவிட்டது.
* பொது இடத்தில் கடவுச்சொல் இல்லாத வைஃபையில் வங்கி வேலை செய்யாதீர்கள். அதற்கு உங்கள் சிம்மின் டேட்டாவே நல்லது. இணைவதற்காக அட்டை இலக்கமோ வங்கி அனுப்பும் இரகசிய எண்ணோ கேட்டால் உடனே விலகிவிடுங்கள்.

உடலுக்குத் தீங்கா?

இதுவும் அடிக்கடி எழும் கேள்வி. வைஃபை அலைகள் வலுக்குறைந்தவை. எக்ஸ் கதிர் போன்றவையல்ல. இத்தகைய வலுக்குறைந்த அலைகளால் உடல்நலக் கேடு ஏற்படுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த அறிவியல் சான்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2006இல் அறிவித்தது.

வீட்டுச் சாவியை நாம் ஊராரிடம் கொடுத்து வைப்பதில்லை. பிள்ளைகளின் படங்கள், காணி உறுதியின் பிரதி, காணாமற்போன உறவுகள் பற்றிய முறைப்பாட்டுக் கடிதங்கள் என எமது வாழ்வின் முக்கியமான பலவும் இன்று தொலைபேசிக்குள் இருக்கின்றன. அந்த வாசலின் சாவியும் எமது கையிலேயே இருக்கட்டும். "தம்பி பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடாமல், ஒருமுறையாவது அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

கூட்டம் முடிந்து புறப்படும்போது அந்த அம்மா என்னருகே வந்தார். "வெளிநாட்டில இருக்கிற பேரனோட முகம் பார்த்துக் கதைக்கிறதும் இதாலதானோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "அப்ப எனக்கும் ஒருக்கா காட்டித் தாங்கோ" என்றார்.