உருகி ஓடும் உப்பு

உப்பு தண்ணீரில் கரையும். இது உங்களுக்குத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், வெறும் சூட்டிலேயே உப்பு உருகி ஓடுமா? ஓடும்! ஸ்பெயின் நாட்டில் ஒரு மின்நிலையத்தில் சுமார் 8,500 டன் உப்பு இரவும் பகலும் உருகிய நிலையிலேயே இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகும் அங்கே சூரிய மின்சாரம் கிடைப்பது இந்த உப்பால்தான்.

நிலையத்தின் பெயர் ஹெமாசோலார். செவில் மாகாணத்தில் இருக்கிறது. 2011இல் வேலையைத் தொடங்கியது. வீட்டு மாடிகளில் நாம் பார்க்கும் சோலார் தகடுகள் வெயிலை நேரடியாக மின்சாரமாக மாற்றுகின்றன. அந்த மின்சாரம் ராத்திரிக்கும் வேண்டுமானால் பேட்டரியில் சேமிக்க வேண்டும். ஹெமாசோலாரின் வழி வேறு. அது வெப்பத்தைச் சேமித்து வைத்து, வேண்டும்போது மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது.

நடுவில் 140 மீட்டர் உயரக் கோபுரம். அதைச் சுற்றிலும் 2,650 பெரிய கண்ணாடிகள். சூரியன் நகர நகர, கணினி இவற்றைத் திருப்பிக்கொண்டே இருக்கும். சரி, ஒரு கேள்வி. வெயில் கோபுரத்தின் உச்சியில் போய் விழ வேண்டுமென்றால், கண்ணாடி எதைப் பார்த்து நிற்க வேண்டும்? சூரியனையா, கோபுரத்தையா? இரண்டையும் அல்ல! இரண்டுக்கும் சரியாக நடுவில் பார்த்து நிற்க வேண்டும். ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ, அதே கோணத்தில்தான் மறுபக்கம் தெறித்துப் போகும்.

இத்தனை கண்ணாடிகளின் வெயிலும் ஒரே இடத்தில் குவிந்தால் சூட்டுக்குக் கேட்கவா வேண்டும்? கோபுர உச்சியில் உள்ள குழாய்களுக்குள் உருகிய உப்பு ஓடுகிறது. மேலே ஏறும்போது அதன் வெப்பநிலை 290 டிகிரி செல்சியஸ். இறங்கும்போது 565 டிகிரி! இறங்கிய உப்பு ஒரு பெரிய தொட்டியில் சேரும். மின்சாரம் வேண்டும்போது அதை எடுத்துத் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். நீராவி டர்பைனைச் சுழற்றும். டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும். சூட்டைக் கொடுத்துவிட்டு 290 டிகிரிக்கு இறங்கிய உப்பு இன்னொரு தொட்டிக்குப் போய், மறுநாள் வெயிலுக்காகக் காத்திருக்கும்.

வெப்பத்தைச் சேமிக்கத் தண்ணீரே போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால், அது வாங்கிக்கொள்ளும் வெப்பம் ஒரு கிலோ உருகிய உப்பு வாங்குவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படிப் பார்த்தால் தண்ணீர்தான் கெட்டி. ஆனால் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். அதற்கு மேல் சூடாக்க வேண்டுமானால் அழுத்தம் தாங்கும் கனத்த கலன்கள் வேண்டும். உப்போ 565 டிகிரியிலும் அமைதியாகத் திரவமாகவே இருக்கும். சாதாரணத் தொட்டியே போதும்.

இது சமையல் உப்பு அல்ல. சமையல் உப்பு உருக 800 டிகிரி வேண்டும். இங்கே இருப்பது 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும் 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் சேர்ந்த கலவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோடியம் நைட்ரேட் தனியாக உருக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு இன்னும் அதிகம். இரண்டையும் கலந்தால் 240 டிகிரிக்குள்ளேயே முழுவதும் உருகிவிடும்! அளவில் வேறுபட்ட துகள்கள் கலந்து கிடப்பதால், ஒழுங்காக அடுக்கி நின்று கெட்டிப்படுவது அவற்றுக்குக் கடினமாகிறது.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. வெப்பம் ரொம்பக் குறைந்தால் உப்பு குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் குழாய்களைச் சூடாக வைத்திருக்க மின்கம்பிச் சுருள்கள் சுற்றியிருப்பார்கள்.

தொட்டியில் இருக்கும் சூடு ராத்திரிக்குள் ஆறிவிடாதா? தொட்டியைச் சுற்றி வெப்பம் கடத்தாத கனமான உறை இருக்கிறது. அதைவிடப் பெரிய துணை, தொட்டியின் அளவு. ஒரு கணக்குப் போடுங்கள். 1 மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கன அளவு 1 கன மீட்டர், வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். 2 மீட்டர் பக்கமானால் கன அளவு 8, வெளிப்பரப்பு 24. உள்ளே இருக்கும் பொருள் எட்டு மடங்கு ஆனது, சூடு தப்பியோடும் பரப்போ நான்கு மடங்குதான் ஆனது! பெரிய தொட்டி மெதுவாக ஆறுவதன் ரகசியம் இதுதான்.

ஹெமாசோலார் தொட்டியில் சேரும் சூடு, வெயிலே இல்லாமல் 15 மணி நேரம் மின்சாரம் தரப் போதும். 2013 கோடையில் 36 நாட்கள், இரவு பகல் நிற்காமல் அது ஓடியது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 2021இல் திறக்கப்பட்ட செரோ டொமினடோர் நிலையத்தின் சேமிப்பு 17.5 மணி நேரத்துக்கு வரும். இயற்கையாகவே சோடியம் நைட்ரேட் வெட்டியெடுக்கப்படும் பாலைவனம் அது!

நீங்களும் சோதித்துப் பாருங்கள். குளிக்கிற பதத்தில் வெந்நீரைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரிலும் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்திலும் நிரப்பி மூடி வையுங்கள். அரை மணி கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். எது அதிகம் ஆறியிருக்கிறது? ஏன் என்று மேலே போட்ட கணக்கை வைத்தே உங்கள் நண்பருக்கு விளக்குங்கள்.