செய்தியைக் கேள்வி கேட்கும் வகுப்பறை

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலைத் திறந்ததும், தீண்டாமையைக் குற்றம் என்று அறிவிக்கும் வாசகம் கண்ணில் படும். அதைப் படிக்கும் மாணவரின் கைபேசியைத் திறந்தால் சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் ஓடும். இந்த இரண்டில் எது அதிக நேரம் அவரோடு இருக்கிறது என்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவர் ஒருவரை, அவர் படித்த பள்ளியின் மாணவர்களே சாதி வன்மத்தோடு வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கையில் கட்டிய கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லலாம். திரை வழியே மனதில் ஏறியதை அப்படி அகற்ற முடியாது. அதைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியை மாணவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பொய்ச் செய்தி மட்டும்தான் சிக்கலா?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிஹார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. தொழிலாளர்கள் அஞ்சினார்கள், காவல் துறை வழக்குப் பதிவு செய்தது. வதந்தியை இனம் காணக் கற்பிப்பது எவ்வளவு அவசரம் என்பதற்கு இது ஒன்றே போதும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் 2018இலேயே அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜெயதே’ என்ற பெயரில் இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது.

ஆனால், தகவல் பிழை ஏதுமில்லாத செய்தியிலும் அநீதி இருக்கலாம். ஒரு குடியிருப்பை ஒரு கும்பல் தாக்கினால், ‘இரு தரப்பினர் மோதல்’ என்று தலைப்பு வருகிறது. அடித்தவரும் அடிபட்டவரும் அந்தத் தலைப்பில் சமமாகிவிடுகிறார்கள். கணவனால் கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றிய செய்தி, கொலையைவிட அவளுடைய நடத்தையை விரிவாகப் பேசுகிறது. சமூகநீதிக்கான ஊடகக் கல்வி தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

யார் பேசுகிறார்கள்?

உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 2020இல் 116 நாடுகளின் செய்திகளை ஆராய்ந்தது. செய்தியில் பேசுபவர்களிலும் பேசப்படுபவர்களிலும் பெண்கள் 25 சதவீதம் மட்டுமே. இந்திய ஊடகங்களைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை.

தங்கள் குரலுக்கு இடமில்லை என்று கண்டவர்கள் தாங்களே பத்திரிகை தொடங்கிய வரலாறு நம்மிடம் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினார்கள். அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ 1920இல் வந்தது. இவை சமூக அறிவியல் வகுப்பில் பெயர்ப் பட்டியலாக முடிந்துவிடக் கூடாது. அன்று அவர்கள் எழுப்பிய கேள்வியை இன்றைய செய்தித்தாளிடம் மாணவர்கள் எழுப்ப வேண்டும்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

பிரேசிலின் ஆங்கிகோஸ் ஊரில் 1963இல் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே ஏறக்குறைய 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தார். அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படங்களை முன்வைத்து, முதலில் அவர்களைப் பேசவைத்தார். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் சிறைக்குப் போனார், பிறகு நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. படத்தை முன்வைத்துப் பேசவைக்கும் அவருடைய வழிக்கு, நம் வகுப்பறையில் பழைய செய்தித்தாளே போதும்.

ஒரு செய்தியை நான்கு கேள்விகளோடு படிக்கலாம். இதில் யார் பேசுகிறார்கள்? யாரைப் பற்றி மற்றவர்கள் மட்டுமே பேசுகிறார்கள்? தலைப்பில் செய்தவர் இருக்கிறாரா, மறைந்துவிட்டாரா? பாதிக்கப்பட்டவர் இதை எழுதியிருந்தால் முதல் வரி எதுவாக இருக்கும்? சட்டத்தை வைத்தும் செய்தியைச் சோதிக்கலாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. உறவினர் பெயர், பள்ளி, தெரு என ஏதாவது ஒன்றால் அடையாளம் கசிகிறதா என்று மாணவர்களே சரிபார்க்கலாம்.

மேல்நிலை வகுப்புகளில் சினிமாவைப் பேசலாம். ‘தேவர் மகன்’ (1992) படத்தில் இசக்கியாக நடித்த வடிவேலுதான், ‘மாமன்னன்’ (2023) படத்தின் மாமன்னன். முந்தைய படத்தின் இசக்கியை மனதில் வைத்தே தன் படம் உருவானதாக இயக்குநர் மாரி செல்வராஜ் சொல்லியிருக்கிறார். ஒரே நடிகர் எந்தப் படத்தில் யார் முன் நிற்கிறார், யார் முன் அமர்கிறார், எப்போது சிரிப்பு வரவழைக்கிறார் என்று ஒப்பிட்டால், கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பது மாணவருக்கு விளங்கும்.

விளம்பரமும் பாடமாகும். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சு 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயரோடு விளம்பரங்களில் வரும் முகங்களின் நிறமும் மாறியதா என்று மாணவர்கள் தேடிப் பார்த்து எழுதட்டும்.

முடிவில் அவர்களும் ஏதாவது உருவாக்க வேண்டும். தங்கள் தெருவின் துப்புரவுப் பணியாளரையோ சத்துணவு அமைப்பாளரையோ பேட்டி கண்டு சுவர்ப் பத்திரிகை கொண்டுவரலாம். யாரைப் பேசவிடுவது, எதை வெட்டுவது என்று தாங்களே முடிவெடுக்கும்போது செய்தி எப்படி உருவாகிறது என்பது புரியும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

எந்த மாணவரையும் அவர் சாதியின், மதத்தின் பிரதிநிதியாக்கி ‘நீ சொல்’ என்று எழுப்பக் கூடாது. வன்முறைப் படங்களைக் காட்டத் தேவையில்லை. ஆசிரியர் தன் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டால் மாணவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்; சான்றைச் செய்தியிலிருந்தே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குப் பிடித்த ஊடகமும் இதே கேள்விகளுக்கு உட்பட வேண்டும்.

இதற்குத் தனிப் பாடநூல் வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். அதை ஒதுக்கும் துணிவைப் பள்ளிகள் காட்ட வேண்டும். மாணவர் கேள்வி கேட்டதற்காகப் புகார் வரும் நாளில், கல்வித் துறை ஆசிரியரின் பக்கம் நிற்க வேண்டும்.