ஓடி ஓய்ந்த நாயும் வீட்டுச் சிறு நாயும்

அயர்லாந்து நாட்டின் ஆஃபலி மாவட்டத்தில் கில்லீ என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. அங்கே ஆன்மப் பணி ஆற்றிவந்த தந்தை மார்ட்டின் பிராஃபி என்னும் கத்தோலிக்கக் குரு, நாய் வளர்ப்பிலும் பெருவிருப்பம் கொண்டவர். 1926-ஆம் ஆண்டில் அவரது பராமரிப்பில் பிறந்த நோஞ்சான் குட்டி ஒன்று, பின்னாளில் ‘மிக் தி மில்லர்’ என்ற பெயருடன் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இலண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் ‘டெர்பி’ பந்தயத்தை வென்று இங்கிலாந்து முழுவதையும் வியக்க வைத்தது. 1939-இல் அது இறந்தபின் அதன் உடலைப் பதப்படுத்தி வைத்தனர். டிரிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம்.

வெற்றி வீரனாகிய மிக்குக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. அதனோடு ஓடித் தோற்றவற்றுக்கும், அதற்குப்பின் ஓடி ஓய்ந்த எண்ணிறந்த நாய்களுக்கும் என்ன கிடைத்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

‘கிரேஹவுண்ட்’ எனப்படும் இந்த நாயை நேரில் காணாதவர்கள் நம் சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ நினைத்துக்கொள்ளலாம். ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், கூர்ந்த முகம் ஆகியவை எல்லாம் ஏறத்தாழ அதே வார்ப்புதான். மோப்பத்தைக் காட்டிலும் கண்ணையே நம்பி வேட்டையாடும் இனம் இது. தொலைவில் ஏதேனும் சிறியது ஓடக் கண்டால் போதும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்துவிடும். எடை 30 கிலோ அளவில் இருக்கும்.

இந்த இயல்பைக் காசாக்க முனைந்தவர் அமெரிக்கரான ஓவன் பாட்ரிக் ஸ்மித். உயிருள்ள முயலுக்குப் பதிலாக, தண்டவாளத்தில் ஓடும் இயந்திர முயலைத் துரத்தச் செய்யும் ஓடுகளத்தை அவர் 1919-இல் கலிபோர்னியாவில் திறந்தார். அது 1926 ஜூலை 24-ஆம் நாள் மான்செஸ்டர் நகரின் பெல் வியூ அரங்கிற்கு வந்து சேர்ந்தது. வேலை முடிந்து வரும் தொழிலாளர்கள் மாலை நேரத்தில் சில்லறைக் காசுகளைப் பந்தயம் கட்டி மகிழும் பொழுதுபோக்காக அது பிரிட்டனெங்கும் பரவியது. காலம் மாறிவிட்டது. ஒயிட் சிட்டி 1984-இலும், விம்பிள்டன் 2017-இலும், பெல் வியூ 2020-இலும் மூடப்பட்டன. அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018-இல் வாக்களித்து, 2020-ஆம் ஆண்டின் முடிவோடு இப்பந்தயங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தனர். நியூசிலாந்து அரசும் இவற்றை நிறுத்தப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது.

களம் மூடப்பட்டாலும் மூடப்படாவிட்டாலும் நாய்களுக்கு வயதாகத்தான் செய்கிறது. பந்தய நாய் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் ஓய்ந்துவிடும். காலெலும்பு முறிந்தால் அதற்கும் முன்னரே. அதன் ஆயுளோ பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள். ஆகவே, வாழ்வின் பெரும்பாதி இன்னும் எஞ்சியிருக்கும்பொழுதே அது எவருக்கும் பயனற்றதாகிவிடுகிறது! அங்ஙனம் பயனற்றுப்போன நாய்கள் என்னவாயின என்பதைப் பலர் கேட்காமலேயே இருந்தனர். 2006-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சீஹம் என்னும் ஊரில், பணம் பெற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கான பந்தய நாய்களைக் கொன்று தன் நிலத்தில் புதைத்துவந்த ஒருவரைப் பற்றி ஓர் ஆங்கில ஞாயிறு இதழ் அம்பலப்படுத்திய பிறகே, பொதுமக்களின் மனச்சான்று உறுத்தலாயிற்று. ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளுக்கு இல்லம் தேடித் தரும் அறநிலையம் ஒன்று அங்கே 1975-ஆம் ஆண்டு முதலே இருந்துவந்தது. இன்று அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் அத்தகைய அமைப்புகள் பல உள்ளன. இவற்றின் மூலம் நாய்களைத் தத்தெடுக்கும் குடும்பங்களுள், ஏற்கெனவே ஒரு சிறு நாயை வளர்த்து வருவோரும் அநேகர். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே ஒன்பது வயதான சிறு டெரியர் நாய் ஒன்று உண்டு. எடை ஆறேழு கிலோ. பிள்ளைகளோடு வளர்ந்தது. அடுப்பங்கரை வாசற்படி, ஐயாவின் சாய்வு நாற்காலிக்கடி, அம்மாவின் மடி ஆகிய மூன்றும் அதன் பரம்பரைச் சொத்து. அவ்வில்லத்திற்கு ஒருநாள் நான்கு வயது கிரேஹவுண்ட் ஒன்று வந்து சேருகிறது. அதன் காதுகளின் உட்புறத்தில் எழுத்துகள் பச்சை குத்தப்பட்டிருக்கின்றன; அயர்லாந்தில் பிறந்து பந்தயத்திற்கெனப் பதிவு செய்யப்பட்டதன் அடையாளம் அது. பிறந்த நாள் முதல் அது கொட்டிலிலும் ஓடுகளத்திலுமே வாழ்ந்திருக்கிறது. மாடிப்படி ஏறியதில்லை. கண்ணாடிக் கதவு என்றால் என்னவென்று அறியாமல் அதன்மேல் மோதிக்கொள்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்றுண்டு. தன் இனத்தைத் தவிர வேறு நாயையே அது பெரும்பாலும் கண்டதில்லை. டெரியரைப் பார்க்கும்பொழுது, ‘இதுவும் ஒரு நாய்’ என்று அதற்குத் தோன்றுமென நாம் எதிர்பார்க்க இயலுமா? துள்ளி ஓடும் சிறியதொரு உரோம உருண்டை என்றே அதற்குத் தோன்றக்கூடும். அப்படிப்பட்டதைத் துரத்தத்தான் அது பழக்கப்பட்டது, துரத்தியதற்காகவே தட்டிக்கொடுக்கவும்பட்டது.

இதில் பகையோ கொடுமையோ இல்லை. ஆயினும் விளைவு கொடியதாகலாம். முப்பது கிலோ எடையுள்ள நாய் ஆறு கிலோ நாயைக் கவ்வி ஒருமுறை உதறினால் போதும். கால்நடை மருத்துவரை அழைக்கவும் அவகாசமிராது. ஆதலால் தத்தெடுக்க விரும்பும் குடும்பத்தார் முதலில் கேட்க வேண்டியது, நாயின் நிறத்தையோ அது வென்ற பந்தயங்களையோ அன்று. ‘சிறு நாய்களோடு இதனைப் பழக்கிப் பார்த்தீர்களா? அவற்றைக் கண்டபொழுது என்ன செய்தது?’ என்பதையே. நல்ல அமைப்புகள் இதனைச் சோதித்தே வைத்திருப்பார்கள். சில நாய்கள் சிறு நாயை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சில, ஆவல் காட்டினாலும் திருத்தத்திற்குக் கட்டுப்படும். வேறு சில என்றைக்குமே சிறு உயிர்களோடு சேர்த்து வைக்கத் தகாதவை. மூன்றாம் வகையை அன்பினால் மாற்றிவிடலாம் என்று நம்புவோர் உண்டு. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது அவர்களல்லர். அவர்கள் வீட்டுச் சிறு நாய்தான்.

முதற் சந்திப்பு வீட்டினுள் நிகழலாகாது. வீடு டெரியரின் ஆட்சி நிலம்; அங்கே அயலானைக் கண்டால் அது சீறத்தான் செய்யும். இரண்டுக்கும் பொதுவான ஒரு தெருவிலோ திடலிலோ, ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்து செல்வதே சிறந்த முறை. நேருக்கு நேர் நிறுத்தி, ‘இதோ உன் தம்பி’ என்று முகத்தோடு முகம் வைக்கும் வழக்கம் மனிதக் குழந்தைகளுக்கே சில வேளைகளில் ஒத்துவருவதில்லை! அரைமணி நேரம் அவ்வாறு நடந்தபின் இரண்டும் ஒன்றாகவே வீட்டினுள் நுழையலாம். அப்பொழுது கிரேஹவுண்டிற்கு வாய்க்கூடு அணிவித்திருக்க வேண்டும். நம் களத்தில் சூடடிக்கும் மாட்டிற்குக் கட்டுவார்களே, அதனை ஒத்த கூடைதான். அதனை அணிந்தபடியே நாய் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். அது தண்டனையென்று சிலர் மனம் நோகின்றனர். ஓடுகளத்தில் வாய்க்கூட்டோடே ஓடிப் பழகிய நாய்க்கு அது செருப்பு அணிவது போன்ற இயல்பான காரியம்.

வீட்டினுள் வந்தபின் கவனிக்க வேண்டியது கிரேஹவுண்டின் பார்வையை. டெரியரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, கொட்டாவி விடுகிறதா, தரையை மோந்துகொண்டு விலகுகிறதா? அப்படியாயின் மகிழலாம். அங்ஙனமின்றிக் காதுகளை நிமிர்த்தி, உடல் விறைத்து, இமை கொட்டாமல் உற்று நோக்கி, பெயர் சொல்லி அழைத்தாலும் காது கொடாமல் நின்றால், அக்கணமே இடையில் புகுந்து வேறிடத்திற்கு நடத்திச் செல்ல வேண்டும். கூச்சலிடுவதும் அடிப்பதும் ஆகாது. இந்நாய்கள் மென்மையான உள்ளம் படைத்தவை. அதட்டினால் நடுங்குமேயன்றித் திருந்தா. சிறு நாயைக் கண்டும் அமைதியாயிருந்தால் ஒரு துண்டு இறைச்சி கொடுத்துப் பாராட்டினால், ‘இதனருகில் சும்மா இருப்பது இலாபமான தொழில்’ என்று அது விரைவில் கற்றுக்கொள்கிறது.

முதல் சில நாட்களின் அமைதியைக் கண்டு ஏமாந்துவிடலாகாது. புதிய இடத்தின் மிரட்சியால் அது அடங்கிக் கிடக்கலாம். அதன் உண்மைக் குணம் வெளிப்படச் சில வாரங்களாவது செல்லும். மருமகள் வந்த முதல் வாரத்தைக் கொண்டு குடும்பத்தின் ஒற்றுமையை மதிப்பிடலாமா? அதுபோலத்தான்.

இங்கே ஒரு பழங்கதை நினைவிற்கு வருகிறது. பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகே, தொட்டிலில் கிடந்த பிரபுவின் குழந்தையைக் கொல்ல வந்த பாம்பை ஒரு வேட்டை நாய் கடித்துக் குதறியதாம். இரத்தம் தோய்ந்த வாயைக் கண்ட பிரபு, நாய்தான் குழந்தையைக் கொன்றதென்று எண்ணி அதனை வெட்டி வீழ்த்தினாராம். கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனியின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அது இடம்பெற்றிருக்கிறது. பிரெஞ்சுக் கிராம மக்களோ ஒருபடி மேலே சென்று, அந்த நாயைக் ‘கினஃபோர்’ என்ற பெயரால் புனிதராகவே வணங்கி, நோயுற்ற குழந்தைகளை அதன் கல்லறைக்குத் தூக்கிச் சென்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற எத்தியேன் தெ பூர்போன் என்னும் தொமினிக்கன் துறவி, அந்த நாயின் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரிக்கச் செய்து அவ்வழக்கத்தைத் தடுக்க முயன்றார். பிரபுவைப் போல் அவசரப்பட்டு நாயைக் கொலைகாரனாக்குவோரும், கிராமத்தாரைப் போல் புனிதனாக்குவோரும் இன்றும் உளர். தத்தெடுத்த கிரேஹவுண்ட் இரண்டுமன்று. அது நாய், நாயாகவே அதனை அறிந்துகொள்ள வேண்டும்.

அறிய வேண்டியவை இன்னும் சில. வீட்டினுள் சாதுவாயிருக்கும் அதே நாய், தோட்டத்தில் டெரியர் ஓடத் தொடங்கியதும் வேறு நாயாகிவிடலாம். விளையாட்டில் சிறியது ‘கீச்’சென்று கத்தினாலும் அப்படியே. எனவே நெடுநாள்வரை இரண்டையும் திறந்த வெளியில் ஒருங்கே அவிழ்த்துவிடாதிருப்பது நன்று. தன் வீட்டு டெரியரைக் குடும்பத்தினராக ஏற்றுக்கொண்டது, தெருவில் வரும் அயல்வீட்டுச் சிறு நாயையும் ஏற்கும் என்பதற்கு உறுதி கிடையாது. உணவைத் தனித்தனி இடங்களில் வைக்க வேண்டும். படுக்கையும் தனித்தனி, ஏனெனில் கொட்டிலில் தனித்துறங்கிய நாய், உறக்கத்தில் எவரேனும் மிதித்தால் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். கண்களைத் திறந்தபடியே உறங்கும் வழக்கமும் இவற்றுக்கு உண்டாதலால், விழித்திருக்கிறதென்று பிள்ளைகள் ஏமாறுவர். பெயர் சொல்லி எழுப்பிய பின்னரே அருகில் செல்லப் பழக்குங்கள். குழந்தைகள் படியேறாதபடி வைக்கும் சிறு கம்பித் தடுப்பு ஒன்றை அறை வாயிலில் பொருத்தினால், ஒன்றையொன்று பார்க்கவும் மோக்கவும் முடியும், தொட முடியாது. முதல் வாரங்களில் அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

ஆபத்து முழுவதும் ஒரு பக்கமே என்று கருத வேண்டாம். கிரேஹவுண்டின் தோல் மிக மெல்லியது. டெரியரின் சிறு கடியே பெரிய கிழிசலாகித் தையல் போட நேரிடும். சில வகை மயக்க மருந்துகளிலிருந்து இந்நாய்கள் தெளிய நெடுநேரமாகும் என்பதால், மருத்துவரிடம் இனத்தைச் சொல்லி நினைவூட்டுவது நல்லது. பல இல்லங்களில் முடிவு வேடிக்கையாகவும் அமைகிறது. புதியவனின் மெத்தைமேல் ஆறு கிலோ டெரியர் அரசியாய் அமர்ந்திருக்க, முப்பது கிலோ ஓட்டக்காரன் அறைவாயிலில் நின்று உரிமையாளரை இரங்கிய கண்களால் நோக்குவதுண்டு. அப்பொழுது சிரித்துவிட்டுப் போகலாகாது. அதன் மெத்தையை அதற்கு மீட்டுத் தர வேண்டும். கொழுப்பற்ற உடலாதலால் வெறுந்தரையில் படுத்தால் அதற்கு வலிக்கும்.

ஏற்கெனவே இருக்கும் சிறு நாயின் மனத்தையும் நாம் மறந்துவிடக்கூடாது. புதியவன் மீதுள்ள இரக்கத்தால் பழையதைப் புறக்கணிக்கும் வீடுகள் உண்டு. முதலில் உணவு, முதலில் வருடல், வழக்கமான மடி ஆகிய உரிமைகள் அதற்கே தொடர வேண்டும். பெரியது நுழைய முடியாத ஒரு மூலையும் அதற்கு வேண்டும். அது உண்ண மறுத்தால், ஒளிந்துகொண்டே இருந்தால், நடுங்கினால், அதனைப் பிடிவாதமென்று தள்ளாதீர்கள். அந்த வீட்டிற்கு வருகிறாயா என்று கிரேஹவுண்டை எவரும் கேட்கவில்லை. வரலாமா என்று டெரியரையும் கேட்கவில்லை.

எல்லா முயற்சிக்குப் பின்னும் ஒத்துவராமற் போகலாம். அப்பொழுது நாயைத் தந்த அமைப்பிடம் நேர்மையாகச் சொல்லித் திருப்பிக் கொடுப்பதே முறை. பொறுப்பான அமைப்புகள் மறுக்காமல் ஏற்றுக்கொள்கின்றன. சிறு நாய் இல்லாத வேறோர் இல்லத்தில் அதே நாய் நிறைவோடு வாழும். ‘அயலார் என்ன நினைப்பார்கள்’ என்று வெட்கப்பட்டு, நாள்தோறும் அச்சத்தோடு இரண்டையும் அடைத்து வைத்துக் காலங்கழிப்பதை எந்த உயிருக்கும் நன்மையென்று சொல்ல இயலாது.

ஒத்துவந்த இல்லங்களிலோ, சில வாரங்களில் வாய்க்கூடு உள்ளறையில் கழற்றப்படுகிறது. சில திங்களில் தடுப்பும் அகற்றப்படுகிறது. குளிர்காலத்தில் இரண்டும் ஒரே கணப்படுப்பின் முன் படுத்துக் கிடக்கும். ஆயினும் குடும்பத்தார் ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்பொழுது, ஒன்றை முன்னறையிலும் மற்றதைச் சமையலறையிலும் விட்டு, இடையிலுள்ள கதவைத் தாழிட்டுச் செல்வது, எத்தனை ஆண்டுப் பழக்கமாயினும் நலம்.