முடக்க முடக்க முளைக்கும் போலிகள்

திருப்பதி: ஏழுமலையான் பெயரில் இயங்கிய போலி இணையதளம் ஒன்றின் மீது 2023 ஏப்ரலில் வழக்குப் பதிவானது. தேவஸ்தானம் கண்டறிந்த போலிகளில் அது 41வது. முகவரியில் புள்ளிக்குப் பதில் சிறுகோடு, இறுதியில் சில எழுத்துகள், அவ்வளவே மாற்றம்.

முடக்கினாலும் முளைப்பதற்குக் காரணம் செலவுக் கணக்கே. புதிய முகவரி பெறச் சில நூறு ரூபாய் போதும். யூ டியூபில் கணக்குத் தொடங்க அதுவும் தேவையில்லை. அந்நிறுவனம் காலாண்டுதோறும் கோடிக்கணக்கான பின்னூட்டங்களை நீக்குகிறது; பெரும்பாலானவை விளம்பரக் குப்பையும் மோசடியுமே. நீக்குவது இயந்திரம், மீண்டும் கொட்டுவதும் இயந்திரம். லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் லாபம்தான்.

சட்டமோ பின்தங்கியே நிற்கிறது. தொல்லை தரும் மின்னஞ்சல்களையும் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, பேச்சுரிமைக்கு எதிரானது என 2015ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 66டி பிரிவின்படி ஆள்மாறாட்ட மோசடிக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால், பக்தர் பணத்தை இழந்து புகார் தந்த பிறகே பெரும்பாலும் அது பாய்கிறது.

சித்தூரிலிருந்து பிரிந்து 2022ல் திருப்பதி தனி மாவட்டமானது. மாவட்டப் போலீசாருக்கு எல்லை உண்டு. மோசடிக்காரர்களுக்கு மாநில எல்லையும் இல்லை, நாட்டின் எல்லையும் இல்லை. குப்பையைச் சுமந்து விளம்பர வருவாய் ஈட்டும் தளங்களின் பொறுப்பை நாடாளுமன்றம் வரையறுக்காத வரை, 41 என்பது இறுதி எண்ணாக இருக்கப் போவதில்லை.