ஏரிக்கரையில் ஏன் தலை வலிக்கிறது?

காஷ்மீரில் சிந்து என்றொரு சிற்றாறு உண்டு. நாம் பள்ளியில் படித்த பெரிய சிந்து நதி அன்று. ஜீலத்தில் போய்ச் சேரும் துணையாறு. இதன் கரையிலுள்ள சோனமார்க்கில் புறப்பட்டு, மலைமுகடுகளைச் சுற்றிக்கொண்டு, இதே பள்ளத்தாக்கின் கிளையொன்றில் இருக்கும் நாரானாக் கிராமத்தில் இறங்குகிறது ஒரு நடைவழி. தூரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கூடாரமும் உணவும் சுமந்து ஆறேழு நாட்கள் நடக்க வேண்டும். வழியில் விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் என்று ஏரிகள் வரிசையாக வருகின்றன. ‘சர்’ என்றால் ஏரி. சத்சர் என்றால் ஏழு ஏரிகள்.

இந்த ஏரிகளை வெட்டியவை பனியாறுகள். உறைந்த பனி தன் எடையாலேயே மெல்ல நகரும்போது, அடியில் சிக்கிய கற்களால் பாறையைச் சுரண்டிக் கிண்ணம்போலக் குடைந்துவிடுகிறது. பனி உருகியபின் கிண்ணத்தில் தண்ணீர் தேங்குகிறது. சுரண்டலில் உண்டான மாவு போன்ற பாறைத்தூள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால், பனியாறு இன்னும் உருகி வந்து சேரும் ஏரிகளில் அந்த நீலப்பச்சை நிறம் தோன்றுகிறது. அழகுக்குக் காரணம் இவ்வளவுதான். ஆனால் அந்த அழகின் முன் நிற்பவர்களில் பலர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அது ஏன்?

கடல் மட்டத்தில் வாயுமண்டலத்தின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். வழியின் உச்சமான கட்சர் கணவாய் சுமார் 4,200 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் 450 மில்லிமீட்டர் அளவுதான். காற்றில் பிராணவாயுவின் பங்கு இரு இடங்களிலும் ஐந்தில் ஒன்றே. ஆயினும் காற்றே மெலிந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. விஷன்சர் கரையில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாமல் அடம்பிடிப்பதும், நமக்குத் தலை வலிப்பதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

உடல் சும்மா இருப்பதில்லை. முதலில் மூச்சை வேகமாக்குகிறது. இதில் ஒரு சிக்கல். வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயுவும் அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே மூளை மூச்சை அடக்குகிறது. இரவில் கூடாரத்தில் உறங்குபவரின் மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு திடீரென்று பெருமூச்சாகத் தொடர்வதைக் கேட்டு, பக்கத்தில் படுத்திருப்பவர் பதறிப்போவதுண்டு. மிகுதியான காரத்தைச் சிறுநீரகங்கள் கழித்துவிட்டால் மூச்சு சீராகும். ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் ஆகும். எனவேதான் 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்கிறார்கள்.

உடற்பயிற்சி செய்த கட்டுடல் இதற்குக் காப்பு அல்ல. வலுவுள்ள இளைஞர் வேகமாக ஏறிவிடுவதால் முதலில் படுத்துக்கொள்வதும் உண்டு. 1962ஆம் ஆண்டுப் போரை ஒட்டி, சமவெளியிலிருந்து இமயத்துக்கு விரைவாக அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்கள் இந்நோயால் பெரிதும் துன்புற்றனர். இந்தர் சிங் என்ற இராணுவ மருத்துவரும் குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

தலைவலி, குமட்டல், பசியின்மை என்ற அளவில் நின்றால் ஓய்வு போதும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். குதிகாலை மறுகால் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இரண்டும் உயிரைக் குடிப்பவை. இரண்டுக்கும் முதல் மருந்து தாமதமின்றிக் கீழே இறங்குவது.

இங்கேதான் இந்த வழியின் பொறி இருக்கிறது. ஒரே சிகரத்துக்கு ஏறுபவர் திரும்பினால் இறக்கம்தான். முகடுகளைச் சுற்றுபவருக்கு அப்படி இல்லை. சோனமார்க்கிலிருந்து வருபவர் சுமார் 4,000 மீட்டர் உயர நிச்சனாய் கணவாயைத் தாண்டித்தான் விஷன்சருக்கு இறங்குகிறார். அங்கே நோயுற்றால் திரும்பி வர மறுபடி அதே கணவாயில் ஏற வேண்டும். முன்னே போனால் அதைவிட உயர்ந்த கட்சர் கணவாய். ஓடையைப் பின்பற்றி இறங்கலாம் என்றால், அது வடக்கே கிஷன்கங்கை ஆற்றை நோக்கி, புறப்பட்ட ஊருக்கு எதிர்த்திசையில் போகிறது. ஆகவே நிச்சனாய்க்கு இப்பால் போடும் கூடாரமே, ஏற்றமில்லாமல் சோனமார்க்குக்குத் திரும்பக்கூடிய கடைசி இடம். வரைபடத்தில் யாரும் அதைக் குறித்துவைப்பதில்லை. தலைவலியை மறைத்துக்கொண்டு மறுநாள் காலை கிளம்புகிறவர் அங்கேதான் தவறு செய்கிறார். சோனமார்க்கில் கூடுதலாக ஓரிரவு தங்கி, பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து உறங்கினால் அந்தத் தலைவலியே பெரும்பாலும் வராது. விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டு வருபவர்கள் முதலில் வெட்டுவது அந்த இரவைத்தான்!

கடைசி நாள் கங்காபல் கரையிலிருந்து நாரானாக்குக்குச் சுமார் 1,400 மீட்டர் இறக்கம். மிச்சமிருந்த தலைவலியும் பாதி வழியிலேயே போய்விடும். பிறகு வலிப்பது முழங்கால்தான்.