மூணாம் நாள் தண்ணி

லகாட் கோப்பிக் கடையில் தே ஓவை ஆற்றிக்கொண்டே அண்ணன் ஒருவர் கேட்டார்: "பேத்திக்கு மூஞ்சியெல்லாம் சிவப்பா தடிச்சிருக்கு. காய்ச்சல்கூட பெருசா இல்ல. அம்மைன்னு வேப்பிலை செருகிட்டோம். மூணாம் நாள் தண்ணி ஊத்திடலாமா?"

"வீட்ல யாராச்சும் முழுகாம இருக்காங்களாண்ணே?"

"மருமக. ரெண்டு மாசம்."

பேத்திக்கு வந்திருப்பது ரூபெல்லாவாக இருந்தால் அவளைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இளஞ்சிவப்புத் தடிப்பு முகத்தில் கிளம்பி உடம்புக்கு இறங்கும். மூன்று நாளில் மறைந்துவிடும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டும், தடவினால் கைக்குத் தெரியும். பெரிய பெண்களுக்கு வந்தால் விரல் மூட்டும் முழங்காலும் வலிக்கும். மருந்து என்று தனியாக எதுவுமில்லை: பனடோல், தண்ணீர், ஓய்வு. ஆன்டிபயாடிக் வீண். ஆனால் டிங்கியிலும் தடிப்பு வரும், தட்டம்மையிலும் வரும். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் 9, 12 மாத எம்எம்ஆர் ஊசிகள் பதிவாகியிருந்தால் இது ரூபெல்லாவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார். நல்ல வழக்கம்தான். ஆனால் ரூபெல்லா, தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இருமலிலும் தும்மலிலும் பரவும். தெரிந்த பிறகும் ஒரு வாரம் பரவும். மூணாம் நாள் தண்ணீரோடு பிள்ளையை வெளியே விடுவது அவசரம், ஏழு நாள் கழியட்டும். தொற்றியவர்களில் பாதிப் பேர் வரைக்கும் அறிகுறியே இருக்காது என்பது இன்னொரு தொல்லை.

வீட்டில் கர்ப்பிணி உண்டா என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1941இல் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று அதிகம் வருவதைக் கவனித்தார். தாய்மாரிடம் கேட்டால், பெரும்பாலோர் கர்ப்பத் தொடக்கத்தில் ரூபெல்லா கண்டவர்கள். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது வரை சிசுவைப் பாதிக்கலாம்: கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு, மூளை வளர்ச்சிக் குறை. சில கர்ப்பம் கலைந்தும் போகும். 16 வாரம் வரை காதுக்கு ஆபத்து உண்டு. 20 வாரம் தாண்டினால் பாதிப்பு அரிது.

"மருமக எந்த ஊர் புள்ளண்ணே?"

"திருச்சி. வயசு இருபத்தேழு."

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. மலேசியாவில் 1986 முதல் பள்ளியிலேயே 12 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ரூபெல்லா ஊசி போட்டார்கள். 2002 முதல் எம்எம்ஆர் கைக்குழந்தைகளுக்கே வந்துவிட்டது. நம் தோட்டத்துப் பெண்கள் பலருக்கு அந்த ஊசி ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் அரசு முகாம் தொடங்கியது 2017 பிப்ரவரியில், அதுவும் 15 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு. தனியார் கிளினிக்கில் போட்டிருந்தாலொழிய, இந்த மருமகளுக்கு ஊசி தவறியிருக்கும். சின்ன வயதில் ரூபெல்லா வந்துபோயிருந்தால் எதிர்ப்பு இருக்கலாம். அதை ரத்தம்தான் சொல்லும்.

அதனால் மருமகளை முதலில் கிளினிக்குக்குப் போன் போடச் சொன்னேன். "வீட்ல தடிப்பு கண்ட பிள்ளை இருக்கு, நான் கர்ப்பம்" என்று மிஸ்ஸியிடம் சொன்னால், மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள். பழைய எதிர்ப்பு இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். தடிப்பே வராவிட்டாலும் அதற்குப் போக வேண்டும். தொற்று உறுதியானால் நிபுணர் மருத்துவர் ஸ்கேன் பார்த்து, அடுத்து என்ன என்று அவளோடும் கணவனோடும் உட்கார்ந்து பேசுவார். மாமியாரும் பக்கத்து வீடும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

"இப்பவே அந்த ஊசியப் போட்டுட்டா?"

கூடாது. அது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ், கர்ப்பத்தில் போடுவதில்லை. எதிர்ப்பு இல்லை என்று தெரிந்தால், அதைப் பிங்க் புத்தகத்தில் குறிக்கச் சொல்லி, பிள்ளை பெற்றதும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பாலுக்குத் தடையில்லை. அடுத்த பிள்ளையை மட்டும் ஒரு மாதமாவது தள்ளிப்போட வேண்டும்.